சோபா கம் பெட் வாங்க மாட்டேன்

போன மாதம் போடியில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் விற்பனையாளர் ஒருவர் சோபாவின் அடியில் கைகொடுத்து ஓர் இழுப்பு இழுத்தார். 'டக்'கென்று ஒரு சத்தம். முதுகு சாயும் பக்கம் மல்லாந்தது, சோபா கட்டிலாகிவிட்டது. "பாத்தீங்களாம்மா, பகல்ல சோபா, ராத்திரி கட்டில். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்றார். என் கணவர் முகமெல்லாம் மலர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த 'டக்' சத்தத்தை நான் என் அப்பா வீட்டு ஹாலில் வருடக்கணக்காகக் கேட்டு வளர்ந்தவள். "இந்தச் சனியன் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ்சுகள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விற்பனையாளர் பாவம், எனக்குத் துணியின் நிறம்தான் பிடிக்கவில்லை என்று நினைத்து வேறு நிறத் துண்டுகளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

என் அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் காய் வாங்கி, தரம் பிரித்து, வெளியூருக்கு அனுப்புவார். அவருடைய தங்கைதான் என் அத்தை. கம்பத்தில் வாழப் போனவள், புருஷன் இறந்ததும் பிள்ளை குட்டி இல்லாமல் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். போடி கணக்குக்கு எங்கள் வீடு பெரிய வீடு. அப்பா அம்மாவுக்கு ஓர் அறை, அண்ணன் படிக்க ஓர் அறை, ஏலக்காய் மூட்டை அடுக்க ஓர் அறை, சாமிக்கு ஓர் அறை. அத்தைக்கு ஹாலில் ஒரு பாய். இதில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. விடியுமுன் எழுந்து பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, அத்தைதான் வீட்டில் முதல் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

அத்தைக்கு முதுகுவலி வந்தது. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் உட்கார முடியாது. இனிமேல் தரையில் படுக்கவே கூடாது, கட்டிலில்தான் படுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் இருக்கும்போது அத்தை தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அண்ணே, மூட்டை ரூம்ல ஒரு ஓரமா சின்னக் கட்டிலு ஒண்ணு போட்டுக்கிறட்டா?" அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "இருக்க எடம் குடுத்தா படுக்கப் பாய் கேட்ட கதையாவுல்ல இருக்கு!" அம்மா சிரித்தாள், அண்ணன் சிரித்தான். அத்தையும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவள் சிரித்ததைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அது வந்தேறிக்குச் சொல்கிற பழமொழி. பிறந்த வீட்டில் ஒருத்தி முதுகு வலிக்கிறது, படுக்க இடம் வேண்டும் என்று கேட்டால் அவள் எப்படி அந்தப் பழமொழிக்குள் வருவாள்? அதே வீட்டில்தானே அவளும் பிறந்தாள், தவழ்ந்தாள்?

அப்பாவைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல மாட்டேன். கல்நெஞ்சக்காரராக இருந்திருந்தால் சண்டை போடுவதற்காவது வசதியாக இருந்திருக்கும். அவர் மதுரைக்குப் போய், எங்கள் தெருவில் யாரும் அதுவரை பார்த்திராத ஒரு சோபா கம் பெட்டை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். காப்பிக்கொட்டை நிறம், பளபளக்கும் ரெக்ஸின். உட்காரும் பலகையைத் தூக்கினால் அடியில் பெரிய பெட்டி. முன்னால் இழுத்தால் கட்டில். சொந்தக்காரர்கள் வந்து வந்து பார்த்தார்கள். "தங்கச்சிக்கு எம்புட்டுச் செஞ்சிருக்கான் பாரு" என்று மூக்கில் விரல் வைத்தார்கள். அப்பா ஒவ்வொரு தடவையும் எழுந்து அதை இழுத்துக் காட்டினார். அத்தை ஒவ்வொரு தடவையும் அதை மறுபடி மடக்கி வைத்தாள்.

சோபாவாகவும் இருக்கும், கட்டிலாகவும் இருக்கும் என்கிறார்களே, அதில் ஒரு பெரிய மோசடி இருக்கிறது. அது எப்போது சோபா, எப்போது கட்டில் என்பதைப் படுக்கிறவர் முடிவு செய்ய முடியாது. உட்கார்ந்திருப்பவர்தான் முடிவு செய்வார். எங்கள் ஹால் ஒரு சத்திரம். மலையிலிருந்து முதல் ஜீப்பு இறங்கும் நேரத்திலேயே தோட்டக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஏலம் நடக்கும் நாளில் கேட்கவே வேண்டாம். உள்ளங்கையில் காயைக் கொட்டி உருட்டிப் பார்ப்பதும், ஒன்றைக் கடித்து மெல்லுவதும், மழையைத் திட்டுவதுமாகப் பொழுது போய்விடும். சாயங்காலம் அண்ணன், அவனுடைய சேக்காளிகள், டி.வி. அதற்குப் பிறகு அப்பாவின் செய்தி. கடைசி ஆள் எழுந்திருக்கும் வரை அத்தை அடுப்படி நிலையில் சாய்ந்து தூங்கி வழிவாள். யாராவது பார்த்தால், "சோலி கெடக்கு, அதான்" என்பாள். ஒரு சோலியும் கிடக்காது. படுக்க இடம் காலியாகவில்லை, அவ்வளவுதான்.

இதற்கும் மேலே ஒன்று செய்தார் என் அப்பா. ஏலக்காய்க்குப் பச்சை நிறம்தான் மதிப்பு. வெளிச்சம் பட்டாலும் ஈரக்காற்று பட்டாலும் காய் வெளுத்துப்போகும். அதனால் நல்ல காயைக் கறுப்புத் தாளுக்குள் வைத்துக் கட்டி, இருட்டில் வைப்பது வழக்கம். சோபாவின் அடியில் அவ்வளவு பெரிய பெட்டி சும்மா கிடப்பதைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கை அரித்தது. அத்தையின் தலையணையும் போர்வையும் வைப்பதற்காக இருந்த அந்தப் பெட்டிக்குள் முதல் தரக் காயைச் சாம்பிள் பைகளாகக் கட்டி அடுக்கினார். "நல்ல இருட்டு, காத்தும் படாது, பச்சை அப்படியே நிக்கும்" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். கட்டிலாக இழுத்து விரித்தால் பெட்டியின் வாய் திறந்துகொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது. காயையா வெளியே எடுப்பார்? "மழைக்காலம் முடியட்டும்த்தா, அதுவரைக்கும் இழுக்காத. சோபாவுலயே சமாளிச்சுப் படுத்துக்க" என்றார். அந்த மழைக்காலம் முழுக்க அத்தை அந்தக் குட்டைச் சோபாவில் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தாள். ஏலக்காய் அவளுக்கு அடியில் வசதியாகக் கால் நீட்டிப் படுத்திருந்தது.

அந்த ஐப்பசி அடைமழையில்தான் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. பல் கிட்டிக்கிற குளிர்காய்ச்சல். நான் எட்டாம் வகுப்பு. மழையால் பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள், அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். அப்பாவுக்கு வேண்டப்பட்ட ஒரு தோட்டக்காரர், அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, மனைவியோடு பார்க்க வந்தார். கையில் ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும். ஜீப்புச் சத்தம் கேட்டதுமே அத்தை எழுந்து, போர்வையைச் சுருட்டி, சோபாவைத் தட்டி நேராக்கிவிட்டு மூலையில் இருந்த முக்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். வந்தவர்கள் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் நல்லவர்தான். அத்தையைப் பார்த்து உண்மையாகவே மனம் இளகி, "ஏந்த்தா, இம்புட்டுக் காய்ச்சலோட இப்பிடியா உக்காந்துருப்ப? போய்ப் படு, போ" என்றார். அத்தை தலையை ஆட்டினாளே தவிர எழுந்திருக்கவில்லை. எழுந்து எங்கே போவாள்?

பேச்சு காய்ச்சலிலிருந்து காய்க்குப் போயிற்று. அப்பா சட்டென்று எழுந்து, "ஒரு நிமிசம் எந்திரிங்க, நல்ல காய் ஒண்ணு காட்றேன்" என்றார். கணவனும் மனைவியும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். அப்பா பலகையைத் தூக்கி ஒரு சாம்பிள் பையை எடுத்தார். பலகையை மூடினார். இருவரும் மறுபடி உட்கார்ந்தார்கள். ஏலக்காய்க்காக எழுந்தவர்கள் அத்தைக்காக எழவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. "அவங்க படுக்கிற எடத்துலதான் நீங்க உக்காந்துருக்கீங்க" என்று சொல்லிவிட்டேன். அம்மா என் தொடையில் வைத்த கிள்ளு பல நாளைக்குக் கன்றியிருந்தது. தோட்டக்காரர் சிரித்து, "பிள்ளைக்கு வாயி ஜாஸ்தி" என்றார். அத்தை மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபித்துக்கொள்கிறாள் என்று அப்போது நினைத்தேன்.

தை பிறந்ததும் அத்தை புறப்பட்டுவிட்டாள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில், காய் பறிக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தங்குவதற்கு ஓர் அறை தருவார்கள். சந்தைக்கு இறங்கி வரும் ஒரு தோட்டத்துப் பெண் மூலமாக, யாருக்கும் தெரியாமல் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தாள். வீடு கிடுகிடுத்தது. "ஊர்ல நாலு பேரு என்னயப் பத்தி என்ன பேசுவான்? இங்க ஒனக்கு என்ன கொறை வச்சேன்? மதுரையில இருந்து சோபா கொண்டாந்து போடலையா?" என்று அப்பா கத்தினார். அத்தை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். "ஒரு கொறையும் இல்லண்ணே. நான் நெனச்சப்ப நான் படுக்கணும். அம்புட்டுத்தான்" என்றாள். அவள் தன் வாயால் தனக்கென்று கேட்ட இரண்டாவது விஷயம் அது. இந்தத் தடவை பழமொழி சொல்ல அப்பாவுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பு வாசலில் நின்று ஹாரன் அடித்தது.

கோடை விடுமுறையில் அழுது அடம்பிடித்து அத்தையைப் பார்க்கப் போனேன். மலையில் கோடை மழை பெய்துகொண்டிருந்தது. அறை மிகச் சின்னது. ஒரு பலகைக் கட்டில், ஒரு கொடி, ஒரு ஸ்டவ். பக்கத்து வீட்டு மலையாளத்துப் பெண், "சேச்சி உறங்குது, கொறச்சு நேரம் இங்கன உக்காரு" என்றாள். நான் கேட்காமல் கதவைத் தள்ளினேன். வேலைக்கு விடுமுறையான அந்தப் பட்டப்பகலில் அத்தை காலை நன்றாக நீட்டி, ஒரு கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. "வா தாயி, இந்தா இப்பிடி உக்காரு" என்று படுத்தபடியே காலை ஒதுக்கி எனக்கு இடம் கொடுத்தாள். யார் வந்தாலும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுகிற அத்தை அன்று எழவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் அழுகிறேன் என்று அவளும் கேட்கவில்லை.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன். என் கணவரின் அக்கா தேவாரத்தில் தனியாக இருக்கிறார். முழங்கால் போய்விட்டது. மலையடிவாரத் தோட்டத்து வீட்டில், யானை வந்தால் ஓடக்கூட முடியாத நிலை. "எங்கக்காவ நான் பாக்காம யாரு பாப்பா?" என்று கணவர் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நாளே, "ஹால்ல ஒரு சோபா கம் பெட்டுப் போட்டுட்டாப் போச்சு" என்றார். எங்கள் வீட்டில் இரண்டு படுக்கையறை. இரண்டாவது எங்கள் மகனுடையது. அவன் சென்னையில் வேலை பார்க்கிறான், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். மீதி நாளெல்லாம் அந்த அறையில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாத மெத்தை ஒன்று படுத்திருக்கிறது. இல்லாத ஆளுக்கு ஓர் அறை, இருக்கப்போகும் ஆளுக்கு ஹால். இதைக் கேட்டால், "பையன் வந்தா சங்கடப்படுவான்ல" என்று என்னிடமே நியாயம் பேசுகிறார். என் அப்பாவும் இப்படித்தான், பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. இந்தப் பாசக்காரர்களுக்கு ஒரு கதவை மட்டும் கொடுக்க மனசு வராது.

ஃபர்னிச்சர் கடையிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியே வந்ததற்கு மறுநாள் நானே அங்கே போனேன். மரக்கைப்பிடி போட்டு, ஒருவர் காலை நீட்ட நினைத்தாலும் முடியாத ஒரு சோபாவைத் தேர்ந்தெடுத்தேன். "யாராச்சும் வந்தா இதுல படுக்க முடியாதேம்மா" என்று விற்பனையாளர் அக்கறையாகச் சொன்னார். "அதுக்குத்தாய்யா வாங்குறேன்" என்றேன். மகனின் மெத்தைக்குப் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் புது விரிப்புப் போட்டேன். அன்று சாயங்காலமே அவன் போனில் கூப்பிட்டுவிட்டான். அவன் அப்பா சொல்லியிருப்பார். "அப்ப நான் வந்தா எங்க படுக்கிறதும்மா?" என்று கேட்டான். எவ்வளவு உரிமையோடு கேட்கிறான்! தயக்கம் இல்லை, ஓரமாக என்று சொல்லவில்லை, யாரும் அவனுக்குப் பழமொழி சொல்லவும் போவதில்லை. "ஹால்ல பாய் இருக்கு தம்பி. நாலு நாளைக்குச் செத்துப்போயிற மாட்ட" என்று போனை வைத்தேன். கணவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் ஆளை விட்டால் போதுமென்று இருந்துவிட்டேன்.

கணவரின் அக்கா, என் மதினி, வந்து சேர்ந்தார். வந்த புதிதில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலை விட்டு எழப் பார்ப்பார். "யாரோ வந்துருக்காக போல, நான் வேணும்னா அடுப்படிக்குப் போயிறட்டா?" என்பார். "ஒங்க ரூம் மதினி இது. படுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வருவேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவரின் சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். புதுச் சோபாவில் விறைப்பாக உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, சாத்திய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மதினியின் குறட்டை கிளம்பியது. சாதாரணக் குறட்டை இல்லை, போடிமெட்டு ஏறும் லோடு ஜீப்புதான். கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. மெல்ல ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் கூட்டினார். நான் அவர் கையிலிருந்து அதை வாங்கி, டி.வி.யை அணைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்தவா?" என்று வந்தவர்களைக் கேட்டேன்.