தொட்டியத்திலிருந்து வந்த டிரங்க் கால்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கன்டோன்மென்ட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் டெலிபோன் போர்டு பார்த்தேன். காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து ஒன்பது மணிக்கு ஹெட்போனை மாட்டினால், சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் என் காது எனக்குத் திரும்பக் கிடைக்கும். வெளியிலிருந்து வருகிற எந்தக் குரலும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நான் லேசில் தாண்ட விடுகிறவள் இல்லை.

எத்தனை விதமான ஆட்கள் கூப்பிடுவார்கள் என்கிறீர்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் தினமும் பதினொரு மணிக்கு லைனில் வருவார். சங்கத்து ஆண்டு விழா மலருக்கு விளம்பரம் கேட்பவர்கள் வருவார்கள். கார்பன் பேப்பர் விற்பவர் ஒருவர் இருந்தார், அவருக்கு வெட்கமே கிடையாது. ஒரு நாள் மேனேஜரின் மச்சான் என்பார், மறுநாள் கூடப் படித்தவர் என்பார். நான் கோபப்பட மாட்டேன். "லைன்ல இருங்க சார்" என்று சொல்லிவிட்டு காபி குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போதும் சில பேர் லைனில் இருப்பார்கள். அவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம் வரும்.

நான் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குரல், "நான் மேனேஜர் பேசறேன், ஜங்ஷன்ல இருக்கேன். ஒரு ஆள் வருவான், கோடவுன்ல இருக்கற புது மோட்டாரைக் கொடுத்து அனுப்பச் சொல்லும்மா" என்றது. மேனேஜரைப் போலவே நடுவில் இரண்டு தரம் இருமியது. நானும் கோடவுனுக்குச் சொன்னேன். மோட்டார் போனது போனதுதான். மேனேஜர் திட்டியிருந்தால் தேவலை. "என் குரல் உனக்குத் தெரியாதாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து போனில் வருகிற குரல் எதையும் நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு டைப்பிஸ்ட் பெண் இருந்தாள். இருபது வயது. பாலக்கரையில் அத்தை வீட்டில் தங்கி வேலைக்கு வந்தாள். அப்பா தொட்டியத்தில் வாழை விவசாயி. வியாழக்கிழமைதோறும் வாழைத்தார் லாரியில் மார்க்கெட்டுக்கு வருவார், அப்படியே எங்கள் ஆபீஸ் கேட்டில் ஐந்து நிமிஷம் நின்று மகளைப் பார்த்துவிட்டுப் போவார். உள்ளே வரவே மாட்டார். எனக்கும் சேர்த்து ஒரு சீப்புப் பூவன் கொடுத்தனுப்புவார். அதனால் நான் அவரை முகம் பார்த்ததும் இல்லை, குரல் கேட்டதும் இல்லை, பழம் மட்டும் நிறையத் தின்றிருக்கிறேன்.

ஒரு மாதமாக அவர் வரவில்லை. வாழைக்குக் காற்றடித்துவிட்டது, முட்டுக் கொடுக்கிற வேலை இருக்கிறது என்று கடிதம் வந்ததாக அந்தப் பெண் சொன்னாள். அவளுக்கு அப்போது வேறு கவலை. ஷார்ட்ஹேண்ட் ஹையர் பரீட்சை சனிக்கிழமை வரப்போகிறது. ஹால் டிக்கெட்டை டைப்ரைட்டர் உறைக்குள் வைத்துக்கொண்டு அடிக்கடி எடுத்துப் பார்ப்பாள்.

அந்த வாரம் திங்கட்கிழமை ஒரு ஆண் குரல் வந்தது. "அம்மா, தொட்டியத்துலேருந்து பேசறேன். டைப்பு அடிக்கற பொண்ணோட அப்பா. அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

எனக்குப் பொறி தட்டியது. வெளியூர் கால் என்றால் முதலில் எக்ஸ்சேஞ்ச் பெண்ணின் குரல் வரும். "டிரங்க் கால், தொட்டியம்" என்று அறிவித்துவிட்டுத்தான் ஆளை விடுவாள். மூன்று நிமிஷம் ஆனதும் பேச்சின் நடுவே நுழைந்து "த்ரீ மினிட்ஸ் ஓவர்" என்பாள். பேசுகிறவர்களும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார்கள். இந்த மனிதரோ யாரும் அறிவிக்காமல் நேராக வந்து, பக்கத்துத் தெருவில் நின்று பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினார். கல்யாணமாகாத பெண்ணிடம் பேச அப்பா வேஷம் போட்டு வருகிற ஆட்களை நான் பார்க்காதவளா? "அப்பாவா இருந்தா லெட்டர் போடுங்க" என்று சொல்லி போர்டிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். மத்தியானம் மறுபடி வந்தார், மறுபடி பிடுங்கினேன். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைப்பு.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது தரம் வந்தார். இந்தத் தடவை கேள்வி கேட்டே மடக்குவது என்று இருந்தேன். "தொட்டியத்துல மழையாங்க?" என்றேன். "இல்லைங்கம்மா, நல்ல வெயில்" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, அவருக்குப் பின்னால் ஒரு டவுன்பஸ் கண்டக்டர், "ஜங்ஷன், பொன்மலை, பொன்மலை" என்று கூவினான்.

"தொட்டியத்துக்கு பொன்மலை பஸ் எப்பலேருந்துங்க விடறாங்க?" என்றேன்.

போனை வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. "அம்மா, பாப்பா பக்கத்துல இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நான் புத்தூர் பெரியாஸ்பத்திரியில இருக்கேன். எதிர்த்த மருந்துக் கடையிலேருந்து பேசறேன். வயித்துல கட்டி. அவகிட்ட சொல்லிடாதீங்க. அவ குரலை மட்டும் கேக்கணும்னு தோணுச்சு."

எனக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது நிஜம். ஆனால் மோட்டார் திருடனும் நம்பும்படியாகத்தான் இருமினான். வார்டு நம்பரைக் கேட்டுக்கொண்டேன். சாயங்காலம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறாமல் புத்தூர் பஸ்ஸில் ஏறினேன், பொய்யாக இருந்தால் அந்த மருந்துக் கடைக்காரனையும் சேர்த்து நாலு கேட்டுவிடுவது என்று.

பதினோராம் வார்டில் தேட வேண்டியே இருக்கவில்லை. நீளமான அந்த ஹாலில் எந்தக் கட்டிலைப் பார்த்தாலும் அவர் பங்கிட்டுக் கொடுத்த பூவன் பழம். கடைசிக் கட்டிலில் ஒருவர் காலை மடக்கிப் படுத்திருந்தார். உதறிப் போட்ட துண்டு மாதிரி மெலிந்த உடம்பு. அந்தப் பெண்ணின் நெற்றியும் மூக்கும் அப்படியே இருந்தன. அவருடைய தம்பி மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் இன்னார் என்றதும் எழுந்திருக்கப் பார்த்தார். "படுங்க, படுங்க" என்றேன். ஒரு சீப்புப் பழத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுத்தான் படுத்தார். நேற்று இரண்டு தரம் இந்த மனிதரின் லைனைப் பிடுங்கிய கையால் அதை வாங்கிக்கொண்டேன். அவமானத்தில் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஆபரேஷன் சனிக்கிழமை காலையில். வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும், உறுதி கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகளுக்குப் பரீட்சையும் சனிக்கிழமை. போன வருஷம் பரீட்சை வாரத்தில்தான் அவள் அம்மா இறந்துபோயிருக்கிறாள். இவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊருக்கு ஓடினாள்.

"இந்தப் பரீட்சைக்கும் எங்க வீட்டுக்கும் ஏதோ பகைம்மா" என்று சொல்லி அவரே சிரித்தார். "இந்தத் தடவையாவது எழுதட்டும். எழுதி முடிச்சதும் நீங்களே சொல்லுங்க."

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. தம்பி மகன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் மட்டும் என்னை நேராகப் பார்த்தார். "அதுக்குத்தாம்மா போன் பண்றேன்" என்றார்.

சரி என்றேன். சரி என்றதோடு நிற்கவும் இல்லை. அவள் கெட்டிக்காரி, இந்த மாதிரி மெதுவாகப் பேசினால் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாள், டிரங்க்கில் பேசுகிறவர் மாதிரி நன்றாகக் கத்த வேண்டும் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். எக்ஸ்சேஞ்ச் பெண்ணாக நானே பேசுகிறேன் என்றேன். அன்று வீட்டில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே மூக்கைப் பிடித்து "டிரங்க் கால், தொட்டியம், ஸ்பீக் ஆன்" என்று சொல்லிப் பார்த்தேன். எங்காத்துக்காரர் எட்டிப் பார்த்து, "என்னடி மூக்கைப் பிடிச்சுண்டு உளர்றே, ஜலதோஷமா?" என்றார்.

புதன்கிழமை மூன்று மணிக்கு கால் வந்தது. உள்ளறைக்கு மணி அடித்து என் குரலில், "உனக்கு டிரங்க் வந்திருக்கு, இரு" என்றேன். பிறகு கைக்குட்டையை வாயில் வைத்து எக்ஸ்சேஞ்ச் பெண்ணானேன். அவர் கத்தினார். "பாப்பா, நல்லா இருக்கியா? வாழையெல்லாம் நிமிந்துடுச்சு." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. ஒட்டுக் கேட்டாயா என்றால், ஆமாம், கேட்டேன். மூன்று நிமிஷம் ஆனதும் "த்ரீ மினிட்ஸ் ஓவர்" என்றேன். "சரிம்மா, வச்சுடறேன்" என்று எனக்கும் சேர்த்துக் கத்தினார். அவள் வெளியே வந்து, "அப்பா பேசினாருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் தாயார் சன்னதியில் நின்று, பொய் சொல்லிவிட்டேன், ஆனால் வாபஸ் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னேனே தவிர மனசு கேட்கவில்லை. அவள் டைப் அடிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொன்னால் பரீட்சை போகும். சொல்லாமல் இருந்து அங்கே ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை என்று அவள் காலமெல்லாம் அழுவாள். என்னைச் சும்மா விடுவாளா? விடக்கூடாது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குத்தான் கால் வந்தது. எக்ஸ்சேஞ்ச் குரலில் அறிவித்து இருவரையும் இணைத்தேன். அன்று அவரால் கத்த முடியவில்லை. குரல் தரையிலிருந்து வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டார். பரீட்சைக்கு இரண்டு பென்சில் சீவி எடுத்துக்கொண்டு போ என்றார். அவள் ஆறாவது படிக்கும்போது பென்சில் முனை உடைந்ததற்கு அழுதுகொண்டு வீட்டுக்கு வந்ததைச் சொன்னார். மாடு கன்று போட்டதைச் சொன்னார். கன்றுக்கு என்ன நிறம் என்று அவள் கேட்டாள். அவர் யோசித்து, செவலை என்றார்.

எதிரில் சுவர்க் கடிகாரம் இருந்தது. மூன்று நிமிஷம் ஆயிற்று. கைக்குட்டையை எடுத்து வாயருகே கொண்டுபோனேன். வாய் வரவில்லை. நான்கு நிமிஷம் ஆயிற்று, ஐந்தும் ஆயிற்று. நாளைக் காலையில் அந்த மனிதரின் வயிற்றைத் திறக்கப் போகிறார்கள், அவர் கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார், அதை வெட்ட நான் யார்? போர்டில் இரண்டு லைன் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, நான் தொடவே இல்லை. ஊரில் உள்ளவர்கள் லைனையெல்லாம் பிடுங்கிய எனக்கு அந்த ஒன்றைப் பிடுங்க மனசு வரவில்லை.

எட்டு நிமிஷமும் ஆயிற்று. பிறகு அவள் கேட்டாள்.

"அப்பா, மூணு நிமிஷம் எப்பவோ ஆயிடுச்சு. யாரும் நடுவுல வரலையே."

அவளே தொடர்ந்தாள்.

"புதன்கிழமை கத்தினீங்க. நீங்க மாட்டைக்கூட அதட்டி நான் கேட்டதில்லைப்பா. அன்னிக்கே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. எந்த ஆஸ்பத்திரியில இருக்கீங்க?"

நான் ஹெட்போனைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை.

"பெரியாஸ்பத்திரிதான் பாப்பா" என்றார் அவர். "பதினோராம் வார்டு. வரும்போது சீப்பு ஒண்ணு எடுத்துட்டு வா, தலை பரட்டையா கிடக்கு. உன் முன்னால இப்படி இருக்க வேணாம்."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் என் முன்னால் வந்து நின்றாள். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று நானும் எழுந்து நின்றேன். "போயிட்டு வரேங்க்கா" என்றாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, "உங்க எக்ஸ்சேஞ்ச் குரல் நல்லாவே இல்லக்கா" என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே ஓடினாள்.

அன்று வார்டு மூடும் வரை அவள் அவர் கூட இருந்திருக்கிறாள். தலை வாரிவிட்டிருக்கிறாள். பரீட்சைக்குப் போகாமல் இருந்தால் நான் ஆபரேஷன் டேபிளில் ஏற மாட்டேன் என்று சொல்லி அவர் சத்தியம் வாங்கிக்கொண்டதால் சனிக்கிழமை போய் எழுதினாள். சாயங்காலம் அவள் வார்டுக்குப் போனபோது அவருக்கு நினைவு திரும்பவில்லை. திங்கட்கிழமை விடியும் முன் போய்விட்டார். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சியது. பரீட்சையில் பாஸ் செய்தாள். ரிசல்ட் வந்த அன்று எனக்கு ஒரு சீப்புப் பூவன் வாங்கி வந்து போர்டின் மேல் வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதோம்.

அதன் பிறகும் பதினாறு வருஷம் அந்த போர்டில் இருந்தேன். இன்ஷூரன்ஸ்காரர்களை விரட்டுவதை விடவில்லை. ஆனால் "அப்பா பேசறேன்" என்று யார் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்டதில்லை, உடனே கொடுத்துவிடுவேன். இது எப்படியோ கார்பன் பேப்பர்காரருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள், "மேனேஜரோட அப்பா பேசறேன்" என்றார். அதே குரல், அதே ஆள். மேனேஜரின் அப்பா போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும். கை மட்டும் தானாகப் போய் மேனேஜர் லைனில் பிளக்கைச் சொருகியது.