தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

செங்கம்மாள் என் அப்பாவின் அக்கா. பெற்ற மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடாதவள் என்றுதான் எங்கள் தெருவில் அவளைச் சொல்வார்கள்.

அவளுக்கு முதலில் பிறந்த இரண்டும் தவழும் முன்பே போய்விட்டன. மூன்றாவது ஆண் பிள்ளை. எங்கள் பக்கத்து வழக்கப்படி அதைப் பக்கத்து வீட்டு ரெபேக்காளிடம் ஒரு முறம் தவிட்டுக்கு விற்றாள். ரெபேக்காள் தவிட்டைக் கொடுத்து, பிள்ளையை மடியில் வாங்கி, "என் புள்ளைய வளத்துக் குடு" என்று திருப்பித் தந்தாள். தவிட்டுக்குப் போன பிள்ளை என்றால் சாவுக்கும் இளக்காரம், தொடாமல் போய்விடும் என்பது நம்பிக்கை. அன்றிலிருந்து அவன் தவுடு.

அத்தையின் வீட்டுக்காரர் சின்னராசு மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் தாத்தாக்களுக்குப் பேர் வைத்தது நிலத்துக்காரர்கள். நல்ல பேர் வைத்தாலும் சிதைத்துத்தான் கூப்பிட்டார்கள். அதனாலேயே மாமா பள்ளிக்கூடத்தில் கலைவாணன் என்று எழுதிப்போட்டார். பத்துப் பேர் நிற்கும் இடத்தில் அதை முழுசாகச் சொல்லி மகனை அழைப்பார். எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். என் பேரை யாரும் குறைத்துக் கூப்பிட விடமாட்டேன். நான் மாமா கட்சி.

அத்தை மட்டும் அசையவில்லை. அவள் மகனைத் திட்டினால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ரெபேக்காள் குரல் வரும். "முதல்ல என் தவுட்டத் திருப்பிக் குடு செங்கம்மா, அப்பால எம் புள்ளைய அதட்டு."

ஐ.டி.ஐ. முடித்ததும் கலைவாணனுக்கு மறைமலைநகரில் வேலை கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வேலை செய்பவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். அவர்கள் எதிரில் தவுடு என்று கூப்பிடாதே என்று அம்மாவிடம் கெஞ்சியிருந்தான். இலை போட்டதும் அத்தை வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றாள்.

"கலைவாணா, எல்லாரையும் கூட்டிக்கினு வா."

மாமா அன்றைக்கு மீன்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த மாதமே மாமல்லபுரம் போய்த் திரும்பும்போது அவன் பைக் லாரியில் மோதியது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அத்தை கேட்டோடு நின்றுவிட்டாள். ரெபேக்காளை உள்ளே தள்ளினாள். "நீ போயி அவன்கிட்ட குந்து. யார் கேட்டாலும் உம் புள்ளன்னு சொல்லு." பேரைச் சொல்லித் தானே மகனைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைத்தாள். இனியாவது அவன் ரெபேக்காள் பிள்ளையாக இருந்தால் சாவு விட்டுவிடும் என்று நம்பினாள். வெளியே வேப்பமரத்தடியில் யாரோ போல உட்கார்ந்தாள். அழவில்லை. மாமா வந்து கத்திப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவன் கண் திறந்து அம்மா எங்கே என்று கேட்டான். நான் வெளியே ஓடிவந்தேன்.

"அத்த, உன்னத்தான் கேக்குறான். ஒருவாட்டி வந்துட்டுப் போ."

"அவுங்க அம்மாதான் உள்ள கீறாளே," என்றாள், சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. பிறகு என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக் காதோடு கேட்டாள். "எதுனா சாப்ட்டானா?"

நான் திரும்பிப் போனபோது ரெபேக்காள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இங்கதான் கீறேன், இங்கதான் கீறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்கா அம்மாவின் குரல் தெரியாது? அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு வைப்பதற்குள் போய்விட்டான்.

வீட்டில் கிடத்தியபோது பெண்கள் அத்தைக்கு வழிவிட்டார்கள். அவள் நேராக மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். ஒரு முறம் நிறையத் தவிடு அள்ளி வந்து ரெபேக்காள் முன்னால் நீட்டினாள்.

"இந்தா உன் தவுடு. எம் புள்ளைய எனக்குக் குடு."

ரெபேக்காள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதன் பிறகுதான் அத்தை தலைமாட்டில் உட்கார்ந்தாள். மகனைப் பேர் சொல்லி, முழுப் பேரையும் சொல்லி, கூப்பிட்டு அழுதாள்.