பதக்கக்காரர்களுக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவர். ஆனால் அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட் ஹால் சுவர் முழுக்கப் போர்வீரர்கள். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்து விற்ற சின்னச் சின்ன அட்டைகள். ஒவ்வொன்றிலும் முதல் உலகப் போரில் பதக்கம் வாங்கிய ஒரு சிப்பாய். ஆன்லைன் ஏலத்தில் தேடித் தேடி வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டினார். இத்தனைக்கும் சிகரெட்டைத் தொட்டதில்லை.

ஆயுத பூஜையன்று காருக்கும் லேப்டாப்புக்கும் பொட்டு வைத்த கையோடு அந்தக் கண்ணாடிகளுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பேன். நம் குடும்பப் போட்டோவுக்கு மட்டும் ஏன் வைப்பதில்லை என்று சின்ன வயதில் மகன் ஆங்கிலத்தில் கேட்டான்.

"அவங்கல்லாம் செத்துப் போயிட்டாங்கடா. செத்தவங்க போட்டோவுக்குத்தான் பொட்டு" என்றேன்.

அப்பா மடியில் உட்கார்ந்து அந்த அட்டைகளின் கதையைக் கேட்டு வளர்ந்தவன், காலேஜைப் பாதியில் விட்டு ராணுவத்தில் சேர்ந்தான். "கதை சொன்னீங்கல்ல, இப்ப அனுபவிங்க" என்று இவரிடம் கத்தினேன். மகனை எங்கோ அனுப்பினார்கள்; எங்கே என்று சொல்ல அவனுக்கு அனுமதியில்லை. சீருடையில் ஒரு போட்டோ வந்தது. இவர் அதைக் கொண்டுபோய் அந்த வரிசையின் கடைசியில் மாட்டினார். கழற்றச் சொன்னேன், கேட்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று எனக்கு ஆபீஸ். பூஜையை இவரே செய்தார். நான் வீடு திரும்பி ஷூவைக் கழற்றுவதற்குள் மகனின் வீடியோ கால். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. போனைப் பிடித்தபடி சோபாவில் உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்றேன். அவன் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஒய் டூ ஐ ஹேவ் ஒன்?"

திரும்பினேன். எல்லோருக்கும் பொட்டு இருந்தது. கடைசியில் என் பிள்ளையின் நெற்றியிலும் இருந்தது.

சுண்டல் கிண்ணத்தோடு வந்த இவர் அப்படியே நின்றுவிட்டார். "அவனை மட்டும் விட்டா நல்லாருக்காதேன்னு..."

எழுந்துபோய் அந்தக் கண்ணாடியைத் துப்பட்டாவால் அழுத்தித் தேய்த்தேன். சந்தனம் காயவில்லை, மூக்கு, வாய் என்று முகம் முழுக்க இழுபட்டது. "அப்பாக்கு ஒண்ணும் தெரியலடா, இதோ தொடச்சிடறேன் கண்ணா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எதற்கும் தமிழில் பதில் சொல்லாதவன், அன்று சொன்னான்.

"பரவால்லம்மா. இருக்கட்டும்."