பத்துக்குப் பத்து அறையில் பதினைந்து இஞ்சு

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் திருவிழாவோ காதுகுத்தோ, எதுவானாலும் ஸ்பீக்கர் கட்டுவது 'செட்டு' அருணகிரிதான். இருபத்தாறு வருஷமாக, மலைமேல் தூங்க நினைத்தவர்களின் சாபத்தையெல்லாம் மொத்தமாக வாங்கிக்கொண்டும் மனிதர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். ஒரு சாபமும் பலிக்கவில்லை என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

அவர் செட்டைச் சோதிக்கும் முறை மலைக்கே தெரியும். பாக்ஸைக் கட்டி முடித்ததும் எதிர்ச்சரிவில் ஒரு ஆளை நிறுத்துவார். பாட்டு அங்கே கேட்டால் அந்த ஆள் துண்டைத் தூக்கி ஆட்ட வேண்டும். துண்டு ஏறாவிட்டால் செட்டு தேறவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் நிற்கும் பூசாரி காதைப் பொத்திக்கொண்டு ஓடினாலும் சரி, இன்னும் இரண்டு பாக்ஸ் ஏறும்.

இரண்டு வருஷமாகத்தான் ஒரு கோளாறு. டிவியில் படம் ஓடினால் சண்டை கேட்டது, பேச்சு கேட்கவில்லை. "இப்ப நடிக்கிறவனுங்க வாயே தொறக்கறதில்ல. வெத்தலையப் போட்டுக்கினு பேசுறானுங்க" என்று திட்டிவிட்டு அவர் சத்தத்தை ஏற்றுவார். அவர் மனைவி செல்லி எழுந்து போய் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்துகொள்வாள். மாடு அவ்வளவு கத்துவதில்லை.

தன் காதின்மேல் அவருக்கே ஒரு சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒப்புக்கொண்டால் பிழைப்பு போச்சு. காது கேட்காத ஆளுக்கு எந்த ஊர்க்காரன் செட்டு சொல்லுவான்? மாசக் கடைசியில் மாரியம்மன் திருவிழா வேறு. ஆகவே, குற்றமெல்லாம் டிவியின் மேல்தான் என்று நிரூபிக்க ஒரு ஹோம் தியேட்டர் வாங்கி மாட்டிவிடுவது என்று முடிவெடுத்தார். அதிலும் கேட்காவிட்டால்? அந்த யோசனை வந்தபோதெல்லாம் ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

செங்கம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பழனி என்பவரின் கடை. வழக்கமாக ஆம்ப்ளிஃபையர் ரிப்பேருக்குப் போகும் இடம்தான்.

"ரூம் எம்மாம் பெருசுண்ணா?" என்றார் பழனி.

"பத்துக்குப் பத்து."

"அப்ப எட்டு இஞ்சு சப்வூஃபர் தாராளம். அது அதிர்ற சத்தத்துக்கு மட்டுந்தான். சுத்தி அஞ்சு சின்ன ஸ்பீக்கர் வரும். பேச்சு முக்காவாசி டிவிக்குக் கீழ வெக்கிற நடு ஸ்பீக்கர்லதான் கேக்கும். அத்த மட்டும் நல்லதா பாத்து வாங்குங்க."

அருணகிரி அந்த நடு ஸ்பீக்கரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது இன்னாய்யா, சோப்பு டப்பாவாட்டம் கீது? நீ பாட்டப் போடு, வர்றேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றுகொண்டார். எட்டு இஞ்சு அங்கே வந்து சேரவில்லை. துண்டை ஆட்டாமல் உதட்டைப் பிதுக்கிக் காட்டினார்.

பழனி வாசலுக்கு வந்து கத்தினார். "ண்ணா, நீங்க வூட்டுக்குள்ள குந்திக்கினு படம் பாக்கப் போறீங்களா, இல்ல பஸ் ஸ்டாண்டுல நின்னு பாக்கப் போறீங்களா?"

பழனி கத்தியதுகூட அருணகிரிக்குக் கேட்கவில்லை. கடைசியில் கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டிய பதினைந்து இஞ்சு சப்வூஃபரை ஓடவிட்டபோதுதான் அருணகிரியின் துண்டு ஏறியது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஏதோ கட்சி ஊர்வலம் என்று எட்டிப் பார்த்தார்கள். அதையே, அந்தச் சோப்பு டப்பாவோடும் சின்ன ஸ்பீக்கர்களோடும் சேர்த்து வாங்கினார். மூலையில் மட்டும் வைக்காதீர்கள், இரையும் என்று பழனி சொல்லி அனுப்பினார். மூலையைத் தவிர அந்த வீட்டில் இடம் ஏது? சாமை மூட்டைகளுக்கு நடுவே அதைத் திணித்தார்.

வேலூரில் நர்சிங் படிக்கும் மகள் அபிநயா லீவுக்கு வந்திருந்தாள். அவளே படம் போட்டாள். கதாநாயகன் கார் கதவைச் சாத்தினான், அவ்வளவுதான். அலமாரியிலிருந்து டம்ளர்கள் வரிசையாகக் குதித்தன. சுவரில் இருந்த பல்லி செல்லியின் மடியில் விழுந்தது.

"காரா ஓட்டுறான், பாறைக்கு வெடி வெக்கிறானா?" என்று பல்லியை உதறினாள் செல்லி.

அருணகிரிக்கு நெஞ்சு அதிர்ந்ததில் திருப்திதான். ஆனால் கதாநாயகன் பேச ஆரம்பித்ததும் முகம் சுருங்கியது. "நடு ஸ்பீக்கர் செத்துப் போச்சு. பழனி ஏமாத்திட்டான்."

அபிநயா சப்வூஃபரை நிறுத்தினாள். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டைக் கையில் கொடுத்தாள். "நைனா, டிவியப் பாக்காத, செவுத்தப் பாரு. சத்தம் கேட்டா துண்டத் தூக்கு."

படத்தில் காட்டுக் காட்சி. சில்வண்டுகள் இரைந்தன. யாரோ ஒரு பெண் மெல்ல முனகிப் பாடினாள். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த செல்லியின் கை, பாட்டைக் கேட்டு அப்படியே நின்றது. அபிநயா சத்தத்தை ஏற்றினாள். மறுபடியும் ஏற்றினாள். துண்டு மடியிலேயே கிடந்தது.

"போட்டுட்டியா?" என்றார் அருணகிரி.

யாரும் சிரிக்கவில்லை. அவர் திரும்பி இரண்டு முகங்களையும் பார்த்தார். புரிந்துபோயிற்று. எத்தனையோ பேர் துண்டைப் பார்த்துச் செட்டைப் பாஸ் போட்டவர், இன்று தானே ஃபெயில்.

"வேலூர்ல டாக்டரப் பாக்கலாம் நைனா" என்றாள் அபிநயா.

"திருவிழா?"

செல்லி நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து அவர் காதருகே குனிந்தாள். "இன்னா பெரிய திருவிழா? நான் வந்து நிக்கிறேன். எது கிர்ருங்குது, எது கொர்ருங்குதுன்னு நான் சொல்றேன். நீ திருகு."

மறுநாள் சப்வூஃபரையும் நடு ஸ்பீக்கரையும் மாற்றி வாங்க ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இருவரும் செங்கம் போனார்கள். இந்த முறை அருணகிரி ரோட்டைக் கடக்கவில்லை. துண்டு செல்லியின் கையில் இருந்தது. எட்டு இஞ்சுக்கு உடனே தலையாட்டிவிட்டாள். நடு ஸ்பீக்கரில் மூன்றைக் கேட்டு, மூன்றாவதற்குத் துண்டைத் தூக்கினாள்.

"ண்ணா, உங்களுக்கு ஓகேவா?" என்றார் பழனி.

"என்ன இன்னாத்துக்குக் கேக்குற? இனிமே காது அவங்க டிபார்ட்மெண்டு."

அன்று சாயங்காலம் படம் ஓடியது. டம்ளர்கள் இடத்தை விட்டு நகரவில்லை. கதாநாயகன் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு ஏதோ வசனம் பேசினான்.

"இன்னா சொல்றான்?" என்றார் அருணகிரி.

செல்லி அவர் காதோரம் வந்தாள். "பொண்டாட்டி நாள் பூரா வேல செய்றப்ப, புருசன் காலாட்டிக்கினு டிவி பாக்கக் கூடாதாம். மாட்டுக்குத் தண்ணி வெக்கணுமாம்."

அபிநயா வாயைப் பொத்திக்கொண்டாள். அருணகிரி ஹெலிகாப்டரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடச் சிதறவில்லை. மடியிலிருந்த துண்டை உயரத் தூக்கி ஆட்டிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் வைக்க எழுந்தார்.