அம்மாவின் இடது விலாவுக்குக் கீழே

சர்ஜரி படிக்கிறவளுக்கு வயிறு புரியவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். எனக்குப் புரியவில்லை. புத்தகத்தில் வயிற்றை ஒன்பது கட்டமாகக் கோடு போட்டுப் பிரித்து, எந்தக் கட்டத்துக்குள் எது இருக்கும் என்று சுத்தமாக எழுதியிருக்கிறார்கள். படித்தேன், வரைந்தேன், கலர் பென்சிலால் கல்லீரலுக்குப் பழுப்பும் மண்ணீரலுக்கு ஊதாவும் தீட்டினேன். வார்டுக்குப் போய் ஒரு மனிதரின் வயிற்றில் கை வைத்ததும் அத்தனை கட்டமும் காணாமல் போய்விடும். எங்கே தொட்டாலும் மெத்தென்று ஒரே மாதிரி இருக்கும்.

அதிலும் மண்ணீரல் எனக்குப் பரம விரோதி. இடது விலா எலும்புகளுக்கு உள்ளே ஒளிந்திருக்கிற உறுப்பு அது. நல்ல உடம்பில் கைக்கு அகப்படாது. நோயில் வீங்கினால்தான் விலாவைத் தாண்டி, தொப்புளை நோக்கிச் சரிவாக இறங்கி வரும். அப்படி இறங்கி வந்தவர்களிடம்கூட என் கைக்கு அது சிக்கியதில்லை. எங்கள் யூனிட் சீஃப், "கிடைச்சுதா?" என்பார். "இல்ல சார்" என்பேன். என் கையைப் பிடித்து நகர்த்தி வைத்து, "அப்ப இது என்ன, தலகாணியா?" என்பார். சில நாள் பயத்தில் "கிடைச்சுது சார்" என்று சொல்லித் தொலைப்பேன். அந்த வயிற்றில் ஒன்றுமே இருக்காது. என் கையை நானே நம்புவதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

செய்முறைத் தேர்வுக்கு முன்னால் கொஞ்சம் லீவு கிடைத்தது. எங்கள் ஊர் இருக்கிற மலைக்கு வந்தேன். சோளக்காடு ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி, அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஊர் போய்ச் சேரும்வரை மண்ணீரலைத் திட்டிக்கொண்டே போனேன். அப்பாவுக்கு ஆட்டு மண்ணீரல்தான் தெரியும்.

"சுவரொட்டிதானே கண்ணு? அது ரத்தத்துக்கு நல்லதாச்சே. அதும்மேல உனக்கென்ன கோவம்?" என்றார்.

வீட்டில் அம்மா குச்சிக்கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். என் புலம்பலை முழுக்கக் கேட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து பாயை விரித்தாள்.

"எவ வயித்துலயோ தேடறதுக்கு எம் வயித்துல பழகிக்க சாமி. உன்னையே வெச்சிருந்த வயிறுதானே?"

எனக்கும் அது சரியாகப் பட்டது. நல்ல வயிறு எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்தால்தானே கெட்ட வயிறு தெரியும். அம்மாவின் வயிறு எனக்குச் சாதாரண வயிறு. அதில் எதுவும் கிடைக்கக் கூடாது. அதுதான் அன்றைய பாடம்.

அம்மா படுத்தாள். முழங்காலை மடக்கச் சொன்னேன். பழைய குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் தழும்பு மங்கலாகத் தெரிந்தது. கை பட்டதும் கூச்சத்தில் சிரித்தாள்.

"சிரிச்சா வயிறு இறுகிக்கும்மா. சும்மா இரு. வாயத் தெறந்து மூச்ச நல்லா இழு."

"பொண்ணு வயித்த அமுக்குனா சிரிப்பு வராம என்ன வரும்?"

மண்ணீரலை விலாவுக்குப் பக்கத்தில் தேடக் கூடாது. வலது அடிவயிற்றில் தொடங்கி, இடது விலாவை நோக்கிக் குறுக்கே மெதுவாகப் போக வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் கை அசையாமல் காத்திருக்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்கி வந்து விரலைத் தொடும். நான் எப்போதும் அவசரத்தில் மேலேயே கை வைத்துவிடுவேன். பெரிதாக வீங்கிய மண்ணீரலின் மேலேயே கை உட்கார்ந்திருக்கும், ஓரம் எங்கே என்று தெரியாது. "கீழருந்து வா, கீழருந்து வா" என்று சீஃப் கத்துவார். அன்று அவசரம் இல்லை. அம்மாதானே. கீழிருந்து வந்தேன்.

தொப்புளைத் தாண்டி இடப்பக்கம் கொஞ்சம் ஏறியபோது அம்மா மூச்சை இழுத்தாள். ஏதோ ஒன்று வந்து என் ஆள்காட்டி விரலின் ஓரத்தில் முட்டிவிட்டுத் திரும்பிப் போனது. அடுத்த மூச்சுக்கும் வந்தது. கெட்டியான ஓரம். அதில் சின்னதாக ஒரு வெட்டு. மண்ணீரல் ஓரத்துக்குப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, அதே வெட்டு.

"கிடைச்சிருச்சும்மா!" என்று கத்திவிட்டேன்.

"கிடைச்சுதா சாமி?" அம்மாவும் கத்தினாள். வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, "ஏனுங்க, உங்க புள்ளைக்குக் கிடைச்சிருச்சாமுங்க!" என்றாள்.

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். என் சிரிப்பு பாதியில் நின்றது. நல்ல உடம்பில் அது அகப்படாது.

பிறகு நடந்ததெல்லாம் ஒரே குழப்பம். இது வயிற்றுத் தசையாக இருக்கும் என்று நினைத்தேன். தலையைத் தூக்கச் சொன்னேன். தசை இறுகியதும் அந்தக் கெட்டி உள்ளே மறைந்தது. ஆக, தசைக்கு உள்ளே இருக்கிறது. சரி, பெருங்குடலில் மலம் சேர்ந்திருக்கும். அப்படியென்றால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விழவில்லை. சிறுநீரகமாக இருக்கலாமே? அப்படியென்றால் கட்டிக்கும் விலாவுக்கும் நடுவே விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை. விரலால் தட்டிப் பார்த்தேன். குடல் இருந்தால் வருகிற காற்றுச் சத்தம் வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து வந்தேன். மறுபடியும் அது அதே இடத்தில் வந்து முட்டியது.

இருந்தாலும் இது என் கை. ஒன்றும் இல்லாத இடத்தில் இருக்கிறது என்றும், இருக்கிற இடத்தில் இல்லை என்றும் சொல்லி வந்த கை. இன்றைக்கு மட்டும் அதை ஏன் நம்ப வேண்டும்? எந்தச் சோதனையும் எனக்கு ஒழுங்காக வந்ததில்லை. இதுவும் தப்பாக இருக்கட்டும் என்று கும்பிடாத குறையாக வேண்டிக்கொண்டேன். படிக்க வந்த நாளிலிருந்து அப்படி நான் வேண்டிக்கொண்டதே இல்லை.

"என்ன கண்ணு, மூஞ்சி ஒருமாதிரி ஆயிருச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. மறந்துடாம இருக்கணும்னு மனசுல ஓட்டிப் பாக்கறேன்."

சாப்பிடும்போது அம்மாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமைச் சோறு இரண்டு வாய் போனதும் தட்டைத் தள்ளினாள்.

"அவ்வளவுதானா?"

"இப்பல்லாம் கொஞ்சம் தின்னாலே ரொம்பிப் போவுது. குனிஞ்சு களையெடுத்தா என்னமோ முட்டுது. வயசாவுதில்ல?"

இரைப்பைக்குப் பக்கத்திலேயே மண்ணீரல். ஊதாக் கலரில் நான் தீட்டியது. அது பெருத்தால் இரைப்பையை நெருக்கும், கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிட்ட மாதிரி இருக்கும் என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அம்மா அந்த வரியை அவள் பேச்சில் சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. குழம்பு காரம் என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்கு வா என்றால் அம்மா வரமாட்டாள். அறுவடை, மிளகு, மாடு என்று ஏதாவது சொல்வாள். என்ன வியாதி என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. ரத்தக் கோளாறா, கல்லீரலிலிருந்து வந்ததா, காய்ச்சலா, ஒன்றுமே இல்லையா, எதுவும் தெரியாது. அதனால் ஒரு பொய் சொன்னேன்.

"எங்க சாருக்கு உன் வயித்தக் காட்டணும்மா. நான் சரியாத்தான் பாத்தேனான்னு அவர் சொல்லணும். பரிட்சைக்கு முன்னாடி."

"மிளகு காயுதே" என்றாள். உடனே, "நீ பாஸாவறதுக்கா? அப்பச் சரி, வாரேன்" என்று நல்ல சேலையை எடுத்து வைத்தாள்.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி இறங்கியது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது கையை விலாவுக்குக் கீழே வைத்திருந்தாள். எத்தனை நாளாக அப்படி வைத்துக்கொள்கிறாளோ, நான் கவனித்ததே இல்லை. கவனித்தேனோ, சாதாரணம் என்று விட்டேனோ, அதுவும் நினைவில்லை.

புறநோயாளிகள் பிரிவில் கூட்டம். கட்டிலில் அம்மாவைப் படுக்க வைத்தேன். சீஃப் வேகமாக வந்தார். என் அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை.

"என்ன கேஸ்? ஃபைண்டிங் சொல்லு."

எல்லோரும் சொல்கிற மாதிரியே சொன்னேன். நடுத்தர வயதுப் பெண், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைகிறது, இடது விலாவிலிருந்து தொப்புள்வரை ஒரு கட்டி, மூச்சோடு இறங்குகிறது, ஓரத்தில் வெட்டு இருக்கிறது, மேலே விரல் நுழையவில்லை. மண்ணீரல் என்று நினைக்கிறேன் சார். குரல் எங்கேயும் உடையவில்லை. அது எப்படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சீஃப் கை வைத்தார். கீழிருந்து வந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். இல்லை என்று சொல்லுங்கள் சார், தலகாணியா என்று கேளுங்கள் சார், எல்லார் முன்னாலும் திட்டுங்கள் சார்.

அவர் நிமிர்ந்தார். சுற்றி நின்ற மற்ற மாணவர்களைப் பார்த்து, "பாருங்க, இவ எவ்வளவு அழகா சொல்லிட்டா. எல்லாமே கரெக்ட்" என்றார். என்னிடம் முதல்முறையாகச் சிரித்தார்.

அதுவரை வாய் திறக்காமல் கிடந்த அம்மா, சேலையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஏனுங்க சார், அப்ப எம் புள்ள பாஸுங்களா?"

சீஃப்பின் சிரிப்பு அப்படியே நின்றது. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மா பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"பாஸாயிட்டேம்மா" என்றேன்.