அக்னி மூலைச் சுவர்

கணக்கு வாத்தியார் வீடு கோணலாக இருக்கலாமா என்று பள்ளியில் கேலி செய்வார்கள். வீடு நேர்தான், மனைதான் கோணல். தொண்ணூறுகளின் கடைசியில் உத்திரமேரூரில் நான் வாங்கிய மனைக்குக் கிழக்கு எல்லை, ஒரு நெல் கிடங்கின் பின்சுவர். தெற்கே தெருவை நெருங்க நெருங்க அது வெளிப்பக்கம் விலகிக்கொண்டே போகும். அதனால் தென்கிழக்கு மூலை மட்டும் ஐந்தடி நீண்டிருந்தது.

எனக்கு அந்தக் கோணல் பிடித்திருந்தது. ஏரிக்காற்று கிடங்குச் சுவரை ஒட்டி வந்து சமையலறை ஜன்னலில் நுழையும். ஏழு வயது மகள் தெருவாசலிலிருந்து தோட்டம்வரை ஒரே ஓட்டமாக ஓடுவாள். போகப்போக இடம் குறுகுவதால் தான் வேகமாக ஓடுவதாக அவளுக்கு நினைப்பு.

மனைவிக்குத்தான் தீராத தலைவலி. ஊரெல்லாம் வாஸ்து பேசிய காலம் அது. யாரோ சொன்னார்கள் என்று காஞ்சிபுரத்திலிருந்து ஒருவரை வரவழைத்தேன். அவர் திசைகாட்டியைத் தரையில் வைத்துப் பார்த்தார்.

"அக்னி மூல வளந்துக்கினு கீது சார். வூட்டுப் பொம்பளைக்கு ஆவாது. நேரா ஒரு செவுரு வெச்சி அத்த வெட்டி வுட்ருங்க. அந்தாண்ட போவ வாசப்படி வெக்காதீங்க. அது உங்க எடமே இல்லன்னு நெனச்சிக்கோங்க."

செருப்பு மாட்டும்போது இன்னொன்றும் சொன்னார். "கட்டின செவுர வருசம் திரும்பறதுக்குள்ள இடிச்சிட்டா அந்தம்மா உசுருக்கே ஆவாது."

முக்கோணத்தைப் பற்றி முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற நான் மறுநாளே மேஸ்திரியை வரவழைத்தேன். மனைவியின் உயிர் என்று சொன்ன பிறகு படித்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

மேஸ்திரி மூலைமட்டம் வைத்து, நூல் பிடித்து, ஏழடி உயரத்துக்கு ஒற்றைச் செங்கல் கனத்தில் சுவர் எழுப்பினார். மனை சதுரமாகிவிட்டது. புதுச் சுவருக்கும் கிடங்குக்கும் நடுவே முப்பதடி நீளத்தில் ஒரு முக்கோணம் மிஞ்சியது. தெருப்பக்கம் ஐந்தடி அகலம், பின்னால் போகப்போக இரண்டு சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். தெருப்பக்கத்தையும் அடைத்துவிட்டோம்.

அதோடு வீட்டின் குணமே மாறிப்போனது. நான்கு மூலையும் செங்கோணம், நடுவில் நாங்கள். காற்று நின்றுவிட்டது. முற்றத்தில் சாதாரணமாகப் பேசினால்கூடச் சண்டை போடுவதுபோல எதிரொலித்தது. தலைவலி குறையவில்லை. போதாததற்கு, "மூச்சு முட்டுதுங்க" என்று மனைவி சொல்ல ஆரம்பித்தாள். பழகிவிடும் என்று எரிச்சலோடு சொன்னேன்.

நான்காம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த முக்கோணத்துக்குள் பூனை குட்டி போட்டிருந்தது. மீந்த செங்கல் குவியல்மேல் ஏறி, சுவர்மேல் உட்கார்ந்து, மகள் உள்ளே குதித்துவிட்டாள். குட்டி ஒன்று குறுகலான பக்கம் ஓட, இவளும் பக்கவாட்டில் நுழைந்து நுழைந்து போயிருக்கிறாள்.

"அப்பா, வர முடியலப்பா" என்ற சத்தம் சுவருக்குள்ளிருந்து வந்தது.

எதிர் மளிகைக் கடை பாய் ஒல்லியான மனிதர். ஏணி போட்டு அவர்தான் உள்ளே இறங்கினார். பிறகு அவர் குரல் வந்தது.

"கை எட்டுது வாத்தியாரே. புடிச்சி இஸ்தா கொழந்த கத்துது. நெஞ்சு மாட்டிக்கினு கீது. செவுத்த ஒடைங்க."

கிணற்றடியிலிருந்து கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வந்தவன் நின்றுவிட்டேன். வருடம் திரும்ப இன்னும் எட்டு மாதம் இருந்தது. பக்கத்தில் மனைவி நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் மகள் விட்டு விட்டு மூச்சு வாங்குவது கேட்டது.

"ஒடைக்காம எடுக்க முடியுமான்னு இன்னொரு தபா பாருங்க பாய்" என்றேன்.

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"எனுக்கு ஆவறது ஆவட்டும். தள்ளுங்க" என்று கடப்பாரையைப் பிடுங்கினாள். பாயைக் கூப்பிட்டு, குழந்தை தலையை மூடச் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி மகள்மேல் போட்டார். முதல் குத்து மனைவி குத்தியதுதான். கல் அசைந்த பிறகு நானும் பாய்ந்து வெறுங்கையால் பிய்த்தேன். நகம் பெயர்ந்ததுகூடத் தெரியவில்லை. நான்கு வரிசை கல் போனதும் மகள் சரிந்து அம்மாவின் மடியில் விழுந்தாள். இரண்டு தோளிலும் தோல் உரிந்திருந்தது.

மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னாளில் மூக்குக்கண்ணாடி போட்டதும் தலைவலியும் போனது. மிச்சச் சுவரையும் அந்த வாரமே இடித்தோம். காற்று பழையபடி சமையலறைக்கு வந்தது.

சுவரை உடைத்த அன்று மத்தியானம் மகளின் தோளுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா இல்லன்னா நீ ஒடச்சிருப்பியாப்பா?" என்று கேட்டாள்.

"ஒடச்சிருப்பேம்மா, கண்டிப்பா."

அவள் என்னைப் பார்க்காமல், "பாய்கிட்ட நீ சொன்னது எனுக்குக் கேட்டுச்சிப்பா" என்றாள்.

கேட்காமல் என்ன? அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது நாலரை அங்குலச் செங்கல்தான்.