சோடாக்கார ஜைதூன் பீ

ஆணியால் புட்டியின் இடுப்பில் ஒரு தட்டு. காதருகே பிடித்து ஒரு கணம். கணீரென்று கேட்டால் வலப்பக்கக் கூடைக்குப் போகும். சத்தம் கொஞ்சம் அடைத்தாற்போல் வந்தால் இடப்பக்கத் தொட்டியில் போட்டு அங்கேயே உடைத்துவிடுவாள் ஜைதூன் பீ. சும்மா ஒதுக்கி வைத்தால் என்றைக்காவது அவசரத்தில் தானே எடுத்து நிரப்பிவிடுவோம் என்று அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம். "விரிசல் கண்ணுக்குத் தெரியாது நைனா. காதுக்குத் தெரியும்" என்பாள்.

ராயப்பேட்டைச் சந்து ஒன்றில், வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகைதான் அவள் சோடாக் கம்பெனி. கையால் சுற்றும் இயந்திரம் ஒன்று, காஸ் உருளை ஒன்று, முந்நூறு கோலிப் புட்டிகள். முகத்தில் கம்பி வலையும் முழங்கை வரை கான்வாஸ் உறையும் மாட்டிக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தாளானால் யாரும் பேசக் கூடாது. சக்கரம் முனகுகிற விதத்தை வைத்தே காஸ் எவ்வளவு ஏறியிருக்கிறதென்று சொல்லிவிடுவாள். வெறும் சோடா உண்டு, இஞ்சி சோடா உண்டு. சிவப்பும் பச்சையுமாகக் கலர் மட்டும் போட மாட்டாள். "சாயத்தக் கரைச்சுக் குடுக்க மனசு வர்ல."

இயந்திரம் அவள் கணவர் குலாம் ரசூல் வாங்கியது. அப்போதெல்லாம் ஜைதூன் பீக்குத் திரைக்குப் பின்னால் புட்டி கழுவுகிற வேலை. பத்து வருஷம் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டாளே தவிர, அது ஓடிப் பார்த்ததில்லை. நாலு வருஷத்துக்கு முன் ஒரு புட்டி வெடித்து அவருடைய வலக்கண் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர், இயந்திரத்தை விற்றுவிடலாம் என்றார்.

"வித்துட்டு இன்னா பண்றது? உங்குளுக்கு ஒண்ணு போச்சு. எனக்கு ரெண்டு கீதே" என்றாளாம்.

முதல் நாள் அவள் நிரப்பிய பன்னிரண்டில் ஐந்து வெடித்தன. மறுநாள் மூன்று. ஆணியால் தட்டிப் பார்க்கிற பழக்கம் அந்த வாரத்தில் வந்ததுதான். பத்தாம் நாள் ஒன்றுகூட வெடிக்கவில்லை. குலாம் ரசூல் மட்டும் கொட்டகைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

போன பங்குனியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். லஸ் முனையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ரகுபதி அவளிடம் தினம் மூன்று டஜன் எடுப்பவன். ஒரு நாள் அவன் கையிலேயே புட்டி வெடித்து உள்ளங்கை கிழிந்தது. மீதியை அப்படியே, அவள் சரக்கைக் கடைகளுக்குக் கொண்டுவரும் கைவண்டிக்காரரிடம் திருப்பி அனுப்பினான், இனி வேண்டாமென்று. சேதி பரவி இன்னும் இரண்டு கடைகள் நிறுத்தின.

ஜைதூன் பீ புர்காவை மாட்டிக்கொண்டு கைவண்டிக்குப் பின்னால் நடந்தே லஸ்ஸுக்குப் போனாள். சண்டைக்கு வருகிறாள் என்று ரகுபதி தயாராக இருந்தான்.

"தட்டிப் பாக்காம ஏத்தினது நானு. வண்டி காத்துக்கினு கீதேன்னு ஒரு டஜன அப்டியே வுட்டுட்டேன். கை எப்டி கீது?"

ரகுபதி கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். "கை ஆறிடும்மா. ஜனங்க பயந்துக்கினு கீறாங்களே. எவன் வாங்குவான்?"

"நீ தொட வாணாம். நானே வந்து கோலிய அமுக்கி ஒடச்சுக் குடுக்கறேன். வெடிச்சா என் கையில வெடிக்கட்டும்."

"எத்தினி நாளைக்கு?"

"பயம் போற வரைக்கும்."

வீட்டில் பெரிய ரகளை. உறவுக்காரர்கள் திரண்டு வந்தார்கள். பஜாரில் போய் உட்காரப் போகிறாயா என்று குலாம் ரசூல் கேட்டார். "பஜார்லதானே வெடிச்சுது" என்றாள். அவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

விடியற்காலையில் சோடா போட்டுவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் ரகுபதியின் கடை வாசலில் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் நாள் வாங்கினவர்கள் மூன்று பேர். ஆபீஸ் குமாஸ்தா சுப்பராமன் இரண்டு நாள் தள்ளி நின்றே பார்த்தார். "ஆத்துல சோடாக் கடைப் பக்கமே போகாதேங்கோன்னு சொல்லிண்டிருக்கா" என்றார். மூன்றாம் நாள் வயிற்றுப் பொருமல் தாங்காமல் கிட்டே வந்தார். அவள் புட்டியைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்து உடைப்பதைக் கண்டதும், நீட்டிய கையை ஒரு விநாடி பின்னுக்கு இழுத்தார். பிறகு வாங்கிக் குடித்தார். மறுநாள் இன்னும் இருவரை அழைத்து வந்தார்.

அழுத்தி அழுத்தி அவள் கட்டைவிரல் வீங்கிவிட்டது. துணி சுற்றிக்கொண்டாள். ஒவ்வொரு முறை கோலி இறங்கும்போதும் ரகுபதி மட்டும் வெற்றிலைக் கூடைக்கு அந்தப் பக்கம் மூன்றடி தள்ளிப் போய்விடுவான். அதை அவள் கவனித்தாள்.

எட்டாம் நாள் உச்சி வெயிலில் ஒரே சமயத்தில் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். ஜைதூன் பீ ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தாள். ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் அவசரப்படுத்தவே, ரகுபதி ஒரு புட்டியை எடுத்தான். காயம்பட்ட கையால் அதைப் பிடித்தபடி சற்று நின்றான். பிறகு மற்றக் கையின் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். கோலி உள்ளே இறங்கியது, நுரை பொங்கி அவன் மணிக்கட்டில் வழிந்தது. வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு அடுத்த புட்டியை எடுத்தான்.

ஜைதூன் பீ எழுந்தாள். உட்கார்ந்திருந்த பெட்டியை நிமிர்த்தி, காலிப் புட்டிகளை அதில் அடுக்கி, கைவண்டியில் தூக்கி வைத்தாள்.